நான் தூக்கிய குழல்

அன்று வெள்ளிக்கிழமை பின்னேரம், மெல்பேர்ணில் ஒரு தேவாலயத்துக்குள் ஒத்திகைக்கென்று இருந்தவர்கள் ஆறு பேர். ஓர்கன் வாசிக்கப் பிரான்சிலிருந்து வந்த ரெமி கார்புலே, வயது எழுபத்தொன்பது, கண் தெரியாதவர். அவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்த அவருடைய மகள் சொலாஞ்ச். ஒலிப்பதிவு செய்ய வந்திருந்த ரேடியோக்காரப் பெண். மூன்றாவது வரிசை வாங்கில் என் முதலாளி கிரகாம். உடுப்பு மாற்றும் அறை வாசலில் பங்குத்தந்தை அமலன், திருச்சிக்காரர். ஆறாவது ஆள் நான். நான் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. ஓர்கனுக்குள் இருந்தேன்.

ஓர்கனுக்குள் எப்படி ஓர் ஆள் இருக்கமுடியும் என்று நம்மவர்கள் கேட்பார்கள். ஆர்மோனியத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். தேவாலயத்துக் குழல் ஓர்கன் ஒரு சின்ன வீடு மாதிரி. முகப்பில் தெரிகிற குழல்கள் வெறும் வேலிதான். பின்னால் கதவு உண்டு, ஏணி உண்டு, மரப் பலகையில் நடைபாதை உண்டு. ஆள் உயரக் குழலிலிருந்து பென்சில் அளவுக் குழல்வரை ஆயிரத்துக்கு மேல் நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு காற்றுப் பெட்டியின் ஓட்டையில் குந்தியிருக்கும். வெளியே கட்டையை அமர்த்தினால் பெட்டிக்குள் ஒரு மூடி திறந்து, அந்தக் குழலுக்குக் காற்றுப் போகும். கட்டையை விட்டால் மூடி மூடும். மூடவேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

போன மாதம் நான் முன்பு வேலை செய்த ஓர்கன் பட்டறைக்குச் சும்மா எட்டிப்பார்க்கப் போனேன். அங்கே இப்போது வேலை பழகும் நித்யா மெல்பேர்ணின் புறநகர் தார்னெய்ட்டிலிருந்து வருகிற பிள்ளை, அப்பா அம்மா கோயம்புத்தூர். அவள் கையில் ஒரு டாப்லெட். உள்ளே இருந்தபடி அதைத் தட்டினால் வெளியே கட்டை அமர்ந்த மாதிரிக் குழல் ஊதுகிறது.

“அங்கிள், உங்க டைம்ல இதுக்குன்னே சம்பளம் குடுத்து ஒருத்தரை உக்கார வச்சிருந்தாங்களாமே, நிஜமாவா?”

“அது நான்தான் பிள்ளை.”

“ஓ. சாரி அங்கிள். அப்போ அந்த பிரெஞ்சுக்காரர் கதையும் நிஜமா? இங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.”

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்றதும் எனக்கு நித்திரை போய்விட்டது. என்ன சொல்கிறார்களோ. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊரில் தளபாடக் கடையொன்றில் மெருகு பூசினேன். மெல்பேர்ணுக்கு வந்து ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை. பிறகு, தோல் ஒட்டத் தெரிந்தவர் தேவை என்று ஓர் ஓர்கன் பட்டறை கேட்டிருந்தது. எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னேன். அன்று பிடித்த பயம் முப்பது வருடம் என்னை விடவில்லை. ஆட்டுத்தோலைச் சீவி, பசை காய்ச்சி, மூடிகளுக்கு ஒட்டக் கற்றுக்கொண்டேன். மாதத்தில் பாதிநாள் கிரகாமோடு தேவாலயம் தேவாலயமாகச் சுருதி பார்க்கப் போவேன். அவர் உள்ளே நின்று குழலைத் தட்டிச் சரிசெய்வார். நான் வெளியே கட்டையை அமர்த்துவேன். “அடுத்தது” என்பார். அடுத்ததை அமர்த்துவேன். காலை எட்டு மணியிலிருந்து அந்த ஒரு சொல்தான். சங்கீதம் எழுதின தாளைப் படிக்க எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கிரகாம் குரல் உயர்த்தியதை நான் கண்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். எல்லாக் குறிப்பையும் பெட்டி மட்டையைக் கிழித்து அதில் பென்சிலால் எழுதுவார். கச்சேரி நாளில் ஒருவர் உள்ளே காவல் இருக்கவேண்டும் என்பது அவர் சட்டம். ஏனென்றால் எப்போதாவது ஒரு மூடி மூடாமல் நின்றுவிடும். கட்டையை விட்ட பிறகும் குழல் கத்திக்கொண்டே இருக்கும். அதைத் தொழிலில் சைஃபர் என்போம். சைஃபர் வந்தால் என்ன செய்வது என்பதும் மட்டையில் எழுதி ஏணியில் ஆணியடித்திருந்தார். மற்றச் சத்தமெல்லாம் நிற்கும்வரை பொறு. நின்ற பிறகும் ஒன்று நிற்கவில்லையென்றால் பத்து எண்ணு. பிறகு விரலை ஒவ்வொரு குழலின் வாய்க்கும் கிட்டக் கொண்டுபோ. எந்த வாயருகே போகும்போது சத்தம் ஆடுகிறதோ அதுதான் ஆள். அதைத் தூக்கு. ஓட்டையை அடை.

அந்தக் கிழமை மெல்பேர்ணில் நல்ல வெக்கை. புதன்கிழமை ஒரு குழல் சைஃபர் ஆனது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் தோலின் ஓரம் கிளம்பியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் நான் ஒட்டிய தோல். திரும்ப ஒட்டினேன். கிரகாம் கண்ணாடியைக் கொஞ்சம் துடைத்தார்.

எனக்கு அது போதும், பயப்பட. கிரகாமுக்கு முழங்கால் போய்விட்டது, ஏணி ஏற முடியாது. இருபத்தாறு தேவாலயங்களின் பராமரிப்பை ஜனவரியில் என்னிடம் தருவது, இல்லாவிட்டால் சிட்னிக் கம்பனி ஒன்றுக்கு விற்பது, இரண்டிலொன்று என்று சொல்லியிருந்தார். “இந்தக் கிழமை போகட்டும் சிவா, பிறகு கதைப்பம்.” அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார், என் வாயில் வருகிற மாதிரி எழுதுகிறேன். சிட்னிக்காரர்கள் ஐம்பத்துமூன்று வயதுக்காரனை எடுக்கமாட்டார்கள். வீட்டுக் கடன் ஒன்பது வருடம் மிச்சம் இருந்தது.

இந்த நிலையில்தான் வெள்ளிக்கிழமை நான் உள்ளே குந்தியிருந்தேன். கையில் டோர்ச், மடியில் தோல் துண்டு.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசிக்கவிருந்த, தானே எழுதிய பாட்டைக் கார்புலே வாசித்தார். முதலில் பெரிய குழல்கள், அடிவயிற்றில் கேட்கும். பிறகு நடுவில் நாலைந்து குரல் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற மாதிரி. கடைசியில் மேலே ஒரே ஒரு மெல்லிய சுரம். மற்றவையெல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. அது நிற்கவில்லை.

பத்து எண்ணினேன். நான் நான்தானே, இன்னும் பத்து எண்ணினேன். அது ஊதிக்கொண்டே இருக்கிறது. புதன்கிழமை ஒட்டிய அதே வரிசை. உள்ளங்கை வேர்த்து டோர்ச் வழுக்கி விழுந்துவிட்டது. இருட்டில் விரலை நீட்டிக் குழல் வாய்களைத் தேடிப்போனேன். ஒன்றில் சத்தம் ஆடியது. அதைப் பிடித்துத் தூக்கினேன். சுரம் அப்படியே கீழே சரிந்து, ஒரு மூச்சு விட்டு, அடங்கியது. ஓட்டையைத் தோலால் அடைத்தேன். ஒரு நாலு விநாடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு வெளியே சொலாஞ்ச் பிரெஞ்சில் கத்துவது கேட்டது.

கிரகாம் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி, நொண்டி நொண்டிப் பின்கதவுக்கு வந்தார். “சிவா, நீ ஏதும் தொட்டனியா?”

“சைஃபர். தூக்கிப்போட்டன்.”

“சைஃபர் இல்லை. அவர் வேணுமெண்டே வைச்சிருந்த சுரம்.”

கண்ணாடியைக் கழற்றினார். நான் பார்க்காமல் வெளியே வந்தேன்.

கட்டைகளுக்கு நடுவே ஒரு சின்ன மர ஆப்பு செருகியிருந்தது. அந்த ஒரு கட்டை எழும்பாமல் இருக்கக் கார்புலேயே செருகியது. அவருடைய இரண்டு கையும் மடியில். பாட்டில் அந்தச் சுரம் மூன்று நிமிடம் தனியே ஒலிக்கவேண்டுமாம். மகளுக்குத் தெரியும், ரேடியோக்காரிக்குத் தெரியும். உள்ளே இருக்கிறவனுக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஃபாதர் அமலன் ஓடிவந்தார். “என்னாச்சுண்ணே? கரன்ட் போயிடுச்சா?”

“இல்லை ஃபாதர். என்ர மூளைதான் போச்சு.”

கார்புலே கையை நீட்டினார். மன்னிப்புக் கேட்கப் போனவன் கையைக் கொடுத்தேன். குலுக்கவில்லை. என் விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார், பசை காய்ந்திருந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். மகளிடம் ஏதோ கேட்டார்.

“அந்த வரிசையில் எத்தனை குழல் என்று அப்பா கேட்கிறார்.”

“அறுபத்தொன்று.”

“வெளிச்சம் இருந்ததா?”

“இல்லை. டோர்ச் விழுந்திட்டுது.”

“எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?”

விரலைக் காட்டினேன். யாருக்குக் காட்டுகிறேன் என்று பிறகுதான் உறைத்தது. வாயால் சொன்னேன்.

கிழவர் மகள் பக்கம் திரும்பினார். பிறகு ஒரு வசனம் சொன்னார். சொலாஞ்ச் அதை உடனே மொழிபெயர்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னொரு முறை அதே மாதிரித் தூக்கச் சொல்கிறார்.”

முறைப்பாடு கொடுக்க ஆதாரம் சேர்க்கிறார் என்றுதான் நினைத்தேன். வேறென்ன நினைப்பது? உள்ளே போனேன். அவர் கட்டையை அமர்த்தினார், நான் தூக்கினேன். இன்னொரு முறை. இன்னும் மெதுவாக. ஏழு தடவை தூக்கவைத்தார். ரேடியோக்காரி எல்லாவற்றையும் பதிந்தாள். பிறகு களைத்துப்போய், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார். கிரகாமும், “நாளைக்கு எட்டு மணி” என்றதோடு சரி.

என் மனைவி புஷ்பம் அன்று பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். குசினியில் வைத்துச் சொன்னேன்.

“ஏழு தரம் செய்யச் சொன்னவரெண்டால் அவருக்குப் பிடிச்சிருக்கு, இதுகூடவே விளங்கேல்லை?” என்றாள்.

“பிடிச்சால் பிடிச்சிருக்கெண்டு சொல்லுவினம்தானே.”

“நீங்கள் முப்பது வருசத்தில என்ர சொதியை நல்லாயிருக்கெண்டு ஒருக்கா சொன்னனீங்களே? கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுறியள்.”

இன்னொரு கரண்டி சொதி கேட்டு வாங்கினேன். ஆனாலும் அன்று இரவு நித்திரை வரவில்லை.

சனிக்கிழமை நாங்கள் சுருதி பார்க்கும்போது கார்புலே வந்து வாங்கில் இருந்தார். கச்சேரிக்காரர்கள் யாரும் இதைக் கேட்க வரமாட்டார்கள். மூன்று மணித்தியாலம் ஒரே சுரம் ஒரே சுரமாகக் கேட்டுக்கொண்டிருப்பது மனிதருக்குச் சகிக்கிற விஷயம் இல்லை. அவர் இருந்தார். தேத்தண்ணி நேரம் கிரகாம் தன் பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். அப்போதுதான் மகள் மூலம் அவர் கதையைக் கேட்டேன். நான் கேட்காமல் விட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டார். எனக்கு அந்த ஆப்பை ஏன் வைத்தார் என்று அறியாமல் இருக்க முடியவில்லை.

நாலு வயதில் அம்மையில் கண் போனது. பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஓர்கன் படித்தார். புள்ளி எழுத்தில் சங்கீதம் படிக்கக் கை வேண்டும், வாசிக்கவும் கை வேண்டும். ஆகவே வலது கையால் தாளைத் தடவிக்கொண்டு இடது கையின் பாகத்தை வாசித்துப் பாடமாக்குவார். பிறகு கை மாற்றுவார். இரண்டு கையும் சேர்வது கடைசி நாளில்தான். “அப்ப முழுப்பாட்டு எப்பிடி இருக்குமெண்டு அதுவரைக்கும் தெரியாதோ?” என்று கேட்டேன். தெரியாது என்று சிரித்தார். கலியாணப் பேச்சு மாதிரி இருந்தது எனக்கு.

படிப்பு முடிந்து மலைப்பக்கத்துச் சின்ன ஊரொன்றின் தேவாலயத்தில் வேலை. நாற்பத்தொரு வருடம் அங்கேயேதான். குளிர்காலத்தில் சுடவைத்த செங்கல்லைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, விரலைச் சூடாக்கிச் சூடாக்கி வாசிப்பாராம். எழுதியதெல்லாம் அந்த ஊர் ஆட்களுக்காக. பாட வந்தவர்கள் ஒன்பது பெண்கள், ஒரு தபாற்காரர். அந்தப் பத்துப் பேருக்கு ஏற்றமாதிரி மூன்று பூசைப் பாட்டுத் தொகுப்புகள். தபாற்காரருக்கு நாலு சுரம்தான் வரும் என்பதால் அவர் பாகத்தில் நாலே சுரம். மழைநாளில் ஆட்கள் சப்பாத்துச் சத்தத்தோடு உள்ளே வரும்போது வாசிக்க என்றே ஒரு சின்னத் தொகுப்பு. சப்பாத்துச் சத்தம் நின்றால் அவர் நிறுத்துவார். இப்படி எழுதினவர் எப்படி அவுஸ்திரேலியாவரை வந்தார் என்று கேட்டேன். தனக்கும் விளங்கவில்லை என்றார்.

“சரி, அந்த ஆப்பு?”

அந்த ஊர் ஓர்கனில் ஒரு குழல் ஈரக்காலத்தில் சைஃபர் ஆகுமாம். பழுதுபார்க்கப் பங்கில் காசில்லை. நவம்பரில் அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களைச் சுவாமியார் வாசிக்கும் பூசை. சரியாக அந்த நாளில் அது கத்தத் தொடங்கும். நிறுத்த முடியாத சுரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதையே நடுவில் வைத்துப் பாட்டை எழுதிவிட்டார். எல்லாம் அடங்கி அந்த ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும்போது பெயர்களை வாசிப்பார்கள். கடைசிப் பெயர் முடிந்ததும் கோயில் காவற்காரர் மேலே ஏறிக் குழலைத் தூக்குவார். சுரம் சரிந்து, மூச்சு விட்டு, அடங்கும். ஊரில் ஆட்கள் அந்த மூச்சுக்குத்தான் அழுவார்களாம், பெயருக்கு இல்லை.

பிறகு யாரோ புண்ணியவான் காசு கொடுத்து ஓர்கனைத் திருத்தினான். சைஃபர் நின்றது. காவற்காரரும் இறந்துபோனார். பாட்டை அச்சடித்தபோது சுரத்துக்கு ஆப்பு என்று எழுதிவிட்டார். ஆப்பை எடுத்தால் சுரம் கத்தியால் வெட்டின மாதிரி நிற்கும். சரியாது. மூச்சு இல்லை.

“முப்பது வருசமாக அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. நேற்று உங்கள் ஆள் சுரத்தை நிறுத்தியபோது கேட்டேன் என்கிறார் அப்பா,” என்று சொலாஞ்ச் கிரகாமைப் பார்த்துச் சொன்னாள். “நாளைக்கு இங்கேயும் பெயர் வாசிக்கும்போது ஆப்பு இல்லை. அவர் கட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பார். உங்கள் ஆள் தூக்கவேண்டும்.”

கிரகாம் என்னைப் பார்த்தார். “செய்வியா?”

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ஓம்” என்று வந்துவிட்டது.

பிழை செய்துவிட்டுப் பயப்படுவது ஒரு மாதிரி. அதே பிழையை நேரம் பார்த்துச் சரியாகச் செய்யவேண்டும் என்று பயப்படுவது வேறு மாதிரி. உள்ளே இருந்தால் வெளியே ஒருவரும் என் கண்ணில் படமாட்டார்கள். கடைசிப் பெயர் எது என்று எப்படி அறிவது? ஃபாதரைப் பிடித்தேன்.

“ரொம்ப சிம்பிள்ணே. இந்த வருசம் நம்ம பங்குல இறந்தவங்க நாப்பத்தொண்ணு பேர். இந்தாங்க லிஸ்ட், ஜெராக்ஸ். டிக் பண்ணிட்டே வாங்க.”

“கடைசியில நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் நல்லம் ஃபாதர். ஏதாவது ஒண்டு.”

“பூசையில நான் என்னண்ணே சொல்றது, ‘ரெடி, ஸ்டார்ட்’னா? வியட்நாம் பேரு பதினொண்ணு இருக்கு, இத்தாலிப் பேரு ஒம்பது. அதை ஒழுங்கா வாசிக்கணும்னு நானே ராத்திரியெல்லாம் முனகிட்டிருக்கேன். நீங்க வேற.”

ஞாயிற்றுக்கிழமை புஷ்பம் காலையிலேயே சொல்லிவிட்டாள். “நான் பேசினுக்குப் போய் உங்கட பேரில ஒரு அர்ச்சனை செய்யிறன். நீங்கள் அங்கை கையை நடுங்காமல் வைச்சுக்கொண்டு நில்லுங்கோ. பிள்ளையார் ரெண்டு இடத்தையும் பாப்பார்.”

தேவாலயம் நிறைந்திருந்தது. நான் உள்ளே. இந்த முறை டோர்ச்சைக் கழுத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். பாட்டு வந்தது, பெரிய குழல்கள் அடங்கின, நடுக்குரல்கள் அடங்கின. அந்த ஒரு சுரம் மட்டும் ஒலித்தது. ஃபாதரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. நான் ஒவ்வொரு பெயருக்கும் கோடு போட்டேன். முப்பது. முப்பத்தைந்து. பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மிச்சத்தை மனதில் எண்ணியபடி குழலைப் பிடித்தேன். காற்று விரலில் துடித்தது. நாற்பது. நாற்பத்தொன்று.

தூக்கவில்லை. ஏன் என்று கேட்டால் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. பிழையாக எண்ணிவிட்டேனோ என்ற பயம். இன்னும் பத்து எண்ணுவோம் என்று நின்றேன். ஏழு எண்ணும்போது ஒலிபெருக்கியில் கடதாசி சரசரத்தது. ஒரு பெண் பெயர். பட்டியலில் இல்லாதது. வாங்குகளில் இருந்தவர்கள் தங்கள் ஆட்களின் பெயரைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். மறுபடி மௌனம். மறுபடி ஒரு பெயர். அப்புறம் தரையில் ஊன்றுகோல் தட்டுகிற சத்தம், மெதுவாக, முன்னுக்குப் போகிறது. அந்த நடையை எனக்குத் தெரியும்.

ஃபாதர் வாசித்தார். மார்கரெட். பின்னால் கிரகாமின் குடும்பப் பெயர்.

மார்கரெட் கிரகாமின் மனைவி. பட்டறைக் கடிதங்களை எழுதினவர், என் முதல் சம்பளக் காசோலையை எழுதினவரும் அவர்தான். அந்த வருட மாரியில் இறந்துபோனார். செத்தவீட்டுக்கு அடுத்த நாளே கிரகாம் வேலைக்கு வந்தார், அதைப்பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எந்தக் கோயிலிலும் அவர் வேலைக்காக அல்லாமல் கால் வைத்ததை நான் கண்டதில்லை. நாற்பத்தொன்றோடு தூக்கியிருந்தால் அவர் நடுவழியில் துண்டுக் கடதாசியோடு நின்றிருப்பார்.

ஊன்றுகோல் திரும்பிப் போய் வாங்கில் சாய்கிறவரை பொறுத்தேன். பிறகு பத்து. பிறகு, என் கணக்குக்கு, இன்னொரு பத்து. தூக்கினேன். சுரம் சரிந்தது, மூச்சு விட்டது. அது அடங்கியதும் ஓட்டையைத் தோலால் அடைத்தேன்.

திங்கட்கிழமை பட்டறையில் கிரகாம் தேத்தண்ணியை எனக்கு முன்னால் வைத்தார். ஒரு மட்டைத் துண்டையும் வைத்தார். இருபத்தாறு தேவாலயங்களின் பெயர், எந்தக் கதவுத் திறப்பு எங்கே இருக்கும், எந்த ஏணி ஆடும், எல்லாம் பென்சிலில். “ஜனவரி” என்றார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

கார்புலே அதற்குப் பிறகு இரண்டு வருடம் உயிரோடு இருந்தார். அவர் இறந்தபின் சொலாஞ்ச் அந்தப் பாட்டின் புதிய பதிப்பை அனுப்பினாள். பிரெஞ்சில் இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியாது, நித்யாதான் போன மாதம் டாப்லெட்டில் மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினாள். முதல் பக்கத்தில் வாசிப்பவர்கள் இருவர் என்று போட்டிருக்கிறதாம். ஒருவர் கட்டையில். மற்றவர் உள்ளே.

“அங்கிள், அப்போ நீங்க பெர்ஃபார்மர்! ஃபீஸ் குடுத்தாங்களா?”

கொடுக்கவேண்டும் என்று கிழவர் அந்த ஞாயிற்றுக்கிழமையே சொலாஞ்ச் மூலம் கட்டளை போட்டிருந்தார், இரண்டாவது வாசிப்பாளருக்கும் உண்டு என்று. தேவாலயக் கணக்காளர் இன்வொய்ஸ் கேட்டார். வாத்தியம் என்ன என்று எழுதும் இடத்தில் என்ன போடுவது என்று எனக்குப் பிடிபடவில்லை, பிழையாக எழுதி வில்லங்கமாகிவிடுமோ என்று அப்படியே வைத்திருந்தேன். பிறகு கணக்காளர் மாறினார், ஃபாதர் அமலனும் வேறு பங்குக்குப் போனார். அன்று எனக்குத் தருவதாகச் சொன்னது நூற்றைம்பது டொலர். இன்னும் வரவேண்டியதும் அந்த நூற்றைம்பது டொலர்தான்.